இறக்கத்தில் தெரியும் வாகனத்தின் விலை

வெளிநாடுகளில் வாழும் நம்மவர் சிலருக்குக் கரவன் மோகம் பிடித்திருக்கிறது. காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும், படுக்கையும் அடுப்பும் கொண்ட சக்கர வீட்டைத்தான் சொல்கிறேன். மெல்பேர்னிலும் லண்டனிலும் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், வீட்டையே பின்னால் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். விடுதிக் கட்டணம் மிச்சம்; சமையல் நம் கையில்; பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம்.

அவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி இரண்டு வகைப்படும். அங்கே கரவன் இழுக்க மலிவான பழைய வாகனம் ஒன்றை எப்படித் தெரிவு செய்வது என்பது முதல் வகை. குடும்பத்தோடு மாத்தளைக்கு வரும்போது இங்கேயும் அவ்வாறு ஒன்றை இழுத்துக்கொண்டு தம்புள்ளை, சீகிரியா, றிவஸ்டன் என்று சுற்ற முடியுமா என்பது இரண்டாவது வகை.

நான் மெக்கானிக் அல்லன். ஆனால், மாத்தளை மாவட்டத்தின் ஏற்ற இறக்கங்களில் நிகழ்ந்த விபத்துகளைச் செய்தியாக எழுதியே தலை நரைத்தவன். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு சொல்கிறேன்: வாகனம் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் "இது எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "இது எவ்வளவை நிறுத்தும்?" என்பது. இழுக்க வலுவில்லாத வாகனம் ஏற்றத்தின் நடுவில் நின்றுவிடும், அவமானத்தோடு போய்விடும். நிறுத்த வலுவில்லாத வாகனம் இறக்கத்தில் நிற்காது.

மாத்தளைக்காரனுக்குப் பாரம் இழுப்பது புதிய சங்கதியன்று. பாதைகள் சீராக அமையாத காலத்தில் பொதி மாடுகளின் தவளங்கள் நடந்த நாடு இது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நமது முன்னோர் மன்னாரில் இறங்கி, காடு வழியே தம்புள்ளையைக் கடந்து, பசியையும் வாந்திபேதியையும் தாண்டி நடந்தே மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். வராமல் வழியிலேயே போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பயிரிட்ட கோப்பியை மாட்டுவண்டிகள் சுமந்தன. 1880இல்தான் மாத்தளைக்கு ரயில் வந்தது.

இன்று அந்த மாட்டுவண்டியின் இடத்தில் உழவு இயந்திரமும் அதன் பின்னால் பூட்டிய பெட்டியும் நிற்கின்றன. வயலில் உழுவதற்கென்று வந்த இரு சக்கர இயந்திரத்தை நம் மக்கள் இன்றும் 'லேண்ட்மாஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். ஒரு கம்பனியின் வர்த்தகப் பெயர் அது. இப்போது எந்தக் கம்பனி செய்தாலும் லேண்ட்மாஸ்டர்தான். அதில் நெல் மூட்டை போகிறது, மரக்கறி போகிறது, விறகு போகிறது. கல்யாண வீட்டுக்கும் மாசி மகத் தேர்த் திருவிழாவுக்கும் குடும்பமே ஏறிக்கொள்கிறது. மெல்பேர்ன் குடும்பத்துக்குக் கரவன் எதுவோ, நமது குடும்பங்கள் பலவற்றுக்குப் பெட்டி அது. ஆகவே நான் சொல்லப்போவது இரு சாராருக்கும் பொருந்தும்.

முதலில் எடையைப் பார்ப்போம். வாகனத்தைத் தெரிவு செய்துவிட்டுக் கரவனைத் தேடுவதும், கரவனை வாங்கிவிட்டு "எதையாவது பூட்டி இழுப்போம்" என்பதும் தவறு. இரண்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் கரவன் பாவனையாளர் மத்தியில் நெடுங்காலமாக ஓர் அறிவுரை வழங்கி வருகிறது: பொருள்கள் அனைத்தும் ஏற்றிய கரவனின் எடை, இழுக்கும் வாகனத்தின் வெற்று எடையில் 85 சதவீதத்துக்கு மேற்படாதிருக்கட்டும். இது சட்டமன்று, அனுபவம். 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் என்றால், 1,020 கிலோகிராமுக்கு மேல் வேண்டாம். நாய் வாலை ஆட்டலாம். வால் நாயை ஆட்டக் கூடாது.

பொருள்கள் ஏற்றிய எடை என்று சொன்னதைக் கவனியுங்கள். 60 லீற்றர் தண்ணீர் என்றால் 60 கிலோகிராம். எரிவாயு 12.5 கிலோகிராம் என்றால், இரும்பு உருளையின் எடை தனி. அரிசி, பாத்திரம், மெத்தை, மாமியார் கொடுத்துவிட்ட ஊறுகாய்ப் போத்தல்கள் எல்லாம் சேர்ந்தால், கரவனின் தகட்டில் எழுதியிருக்கும் வெற்று எடை வெறும் அலங்காரமாகிவிடும்.

அடுத்தது, அந்த எடை எங்கே இருக்கிறது என்பது. கரவனின் மூக்கு வாகனத்தின் கொக்கியில் அழுத்தும் எடை, மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை இருக்கட்டும் என்பார்கள் பிரித்தானியர். அவுஸ்திரேலியாவில் ஏறத்தாழ 10 சதவீதம் என்பது வழக்கம். பாரமான சாமான்களைப் பின்புறத்தில் அடுக்கினால் மூக்கு மேலெழும்பும். வேகமெடுத்ததும் கரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கும். பாரத்தை அச்சுக்கு நேர் மேலே, தாழ்வாக வையுங்கள். பெட்டியில் நெல் மூட்டை அடுக்கும் நம் விவசாயிக்கு இது பாடம் படிக்காமலே தெரியும்.

இனி, இறக்கம். கண்டியிலிருந்து மாத்தளைக்கு வருபவர்கள் பலக்கடுவை அறிவார்கள். றத்தோட்டையைத் தாண்டி றிவஸ்டனுக்கு ஏறிய எவரும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளை மறக்கமாட்டார்கள். ஏறும்போது இயந்திரம் முனகுகிறது; நாம் பயப்படுகிறோம். இறங்கும்போது சத்தமில்லை, நாம் நிம்மதியடைகிறோம். பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 கிலோகிராம் வாகனமும் 1,000 கிலோகிராம் கரவனும் சேர்ந்து 300 மீற்றர் உயரம் கீழே இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அந்தப் பிரேக்குகளில் உண்டாகும் வெப்பம் 25 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. பெரிய கல்யாண வீட்டு அண்டா ஒன்றைச் சூடாக்கும் தீயை, உள்ளங்கை அளவு பிரேக் கட்டைகள் தாங்க வேண்டும்! பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பல ஆண்டுகள் மாற்றாத எண்ணெயில் ஈரம் சேர்ந்திருக்கும். வெப்பம் ஏற ஏற அதில் நீராவிக் குமிழிகள் தோன்றும். அப்போது நீங்கள் மிதிக்கும் பெடல் தடையின்றிக் கீழே போய்விடும், வாகனம் நிற்காது. "பிரேக் பிடிக்கவில்லை" என்று சாரதிகள் பொலிஸில் கூறும் வாக்குமூலங்கள் சிலவற்றின் பின்னால் உள்ள விஞ்ஞானம் இவ்வளவுதான்.

பரிகாரமும் பழையதே. எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். இயந்திரமே பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறக்கம் இறங்குபவர்கள், சில ரூபாய்களுக்காக உயிரை ஈடு வைக்கிறார்கள். மலைப்பாதை எவ்வளவு இரக்கமற்றது என்பதை 2025ஆம் ஆண்டு இரண்டு முறை காட்டியது. மே மாதம் 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். பின்னால் எதையும் இழுக்காத வாகனங்களுக்கே மலை இப்படித் தீர்ப்பு எழுதுகிறது என்றால், பின்னாலிருந்து ஒரு தொன் எடை தள்ளிக்கொண்டிருக்கும் வாகனத்தின் நிலை என்ன?

அப்படியானால் எதைத் தெரிவு செய்வது? எதை வேண்டாம் என்பதிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டு வீதிகளில் நிறைந்திருக்கும் 660 சீசீ சிறு கார்களும், சிறிய ஹைபிரிட் கார்களும் எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர் பெற்றவை. ஆனால் அவை இழுவைக்குப் பிறந்தவை அல்ல. வாகனத்தின் கைந்நூலில், அது இழுக்கக்கூடிய எடை இவ்வளவு என்று எழுதியிருக்கும். அவ்வாறு எழுதப்படாத வாகனத்தைக் கொண்டு எதையும் இழுக்காதீர்கள் என்பதே பாதுகாப்பான விதி. "நம்மூர் வெல்டிங்காரர் கொக்கி ஒன்று ஒட்டித் தருவார்" என்பது விடையாகாது. கொக்கி தாங்கும், கியர்ப் பெட்டியும் பிரேக்கும் தாங்குமா?

தனியான சட்டத்தின் மீது உடல் அமர்ந்திருக்கும் டீசல் கெப் வாகனங்களும் ஜீப்புகளும் இந்த வேலைக்குப் பொருத்தமானவை. குறைந்த சுழற்சியிலேயே நல்ல வலு, வாகனத்துக்கே கணிசமான எடை, பின்சக்கர இழுவை. வசதி குறைந்தவர்களுக்கு அடுத்த தெரிவு, பின்சக்கரத்தில் இயங்கும் டீசல் வேன். நம்மவர் 'டொல்பின்' என்று செல்லமாக அழைக்கும் பழைய ஹயஸ் வேனை மலைநாட்டின் எந்தக் கராஜிலும் பழுது பார்க்கலாம், உதிரிப்பாகம் கிடைக்கும். ஆடம்பரமான, அரிதான வாகனம் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அது ஏன் மலிவு என்று யோசியுங்கள். பாகம் ஒன்றுக்காக மாதக்கணக்கில் முற்றத்தில் நிற்கும் வாகனம் எந்த விலையிலும் மலிவன்று.

பார்க்கப் போகும்போது பொலிஷ் பளபளப்பில் மயங்காதீர்கள். குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். கொக்கி பூட்டப்படும் இடத்தில் துரு இருக்கிறதா? அடிச்சட்டம் முழுவதும் புதிதாகக் கறுப்பு மை பூசப்பட்டிருந்தால், எதை மறைக்க என்று கேளுங்கள். பிரேக் பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெதுவாகக் கீழிறங்கினால் உள்ளே கசிவு இருக்கிறது. ஏற்றத்தில் உயர்ந்த கியரில் முடுக்கிப் பாருங்கள்; இயந்திரச் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால், கிளச் வழுக்குகிறது. சமதரையில் மட்டும் ஓட்டிக் காட்டுபவரிடம் வாங்காதீர்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஒரு மேட்டில் ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

இனிப் பணம். இலங்கையில் 'மலிவான பழைய வாகனம்' என்ற சொற்றொடரே ஒரு முரண். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அதுவும் கடும் வரிகளோடு. இடைப்பட்ட ஆண்டுகளில், பத்து வருடம் ஓடிய வாகனம் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விலைபோன விசித்திரத்தைக் கண்டோம். உலகில் வேறெங்கும் தேய்மானம் என்று சொல்வதை நாம் இங்கே சேமிப்பு என்று சொன்னோம். அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. வாகனத்தைப் பாவனைப் பொருளாகப் பாராமல் காணித்துண்டு போலப் பார்க்கிறோம். விளைவு? கையில் உள்ளதெல்லாம் விலைக்கும் லீசிங் முற்பணத்துக்கும் போய்விடுகிறது. டயருக்கும் பிரேக்குக்கும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. மாதத் தவணை தவறினால் வாகனமும் மிஞ்சுவதில்லை.

ஆகவே கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் வாகனம் தேடுங்கள் என்பது எனது ஆலோசனை. ஒதுக்கிய பணம் நான்கு டயர்கள், பிரேக் கட்டைகள், பிரேக் எண்ணெய், குளிரூட்டித் தொகுதி ஆகியவற்றுக்கு. ஆவணங்களிலும் கண் வையுங்கள். உரிமை மாற்றம் செய்யாமல், கையொப்பமிட்ட படிவத்தோடு கை மாறும் 'ஓப்பன் பேப்பர்' வாகனத்தைத் தொடாதீர்கள். லீசிங் கடன் முடிந்திருக்கிறதா என்று பதிவுச் சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பின்னால் ஒன்றை இழுத்துச் செல்லும்போது நிகழும் விபத்துக்குக் காப்புறுதி செல்லுபடியாகுமா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் அனுமதிப்பத்திரத்துடன் 3,500 கிலோகிராம் வரை இழுக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகக் கார் தாங்கும் என்று பொருளில்லை.

இதுவரை சொன்னது வசதியுள்ள குடும்பத்துக்கு. இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

ஐரோப்பாவில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட எந்த இழுவைப் பெட்டிக்கும் தனியான பிரேக் இருந்தாக வேண்டும். வாகனம் வேகம் குறையும்போது பின்னாலுள்ள கரவன் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுதலையே பயன்படுத்தி அதன் சக்கரங்களில் பிரேக் பிடிக்கச் செய்யும் எளிய இரும்புப் பொறி அது. அந்தக் கரவனுக்குள் ஓடும்போது எவரும் அமர்ந்திருப்பதில்லை. ஆளில்லாத கட்டிலுக்கும் அடுப்புக்கும் அங்கே அவ்வளவு பாதுகாப்பு.

நமது தோட்டப் பாதைகளிலும் வயல் வீதிகளிலும் நான் பார்த்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனியான பிரேக் இல்லை. பின்விளக்கும் இல்லை. ஆனால் அவற்றுக்குள் பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான்கு சக்கர உழவு இயந்திரத்தில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனியாக இரண்டு பிரேக் பெடல்கள் உண்டு. வயலில் சட்டென்று திரும்புவதற்காக அமைந்த வசதி அது. வீதிக்கு வரும்போது இரண்டையும் கொக்கியால் இணைக்க வேண்டும். இணைக்காமல் இறக்கத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால், இயந்திரம் ஒரு பக்கம் இழுத்துக் கவிழ்ந்துவிடும். இரு சக்கர இயந்திரத்தில் இதைவிட விபரீதம் ஒன்று இருக்கிறது. சமதரையில் இடது கைப்பிடியில் உள்ள கிளச்சை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும் இயந்திரம், செங்குத்தான இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது வலப்பக்கம் திரும்பும். பழகிய சாரதிக்கு இது தெரியும். திருவிழா நாளில் அவசரத்துக்கு ஓட்ட வந்த மைத்துனருக்குத் தெரியுமா?

"அப்படியானால் பெட்டியில் ஆள் ஏற்றுவதைத் தடை செய்துவிட வேண்டியதுதானே?" என்று கொழும்பிலிருக்கும் நண்பர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ தடவை மட்டும் பஸ் வரும் தோட்டத்தில், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை எதில் கொண்டுபோவது? பொலிஸார் தண்டப் பத்திரம் எழுதுவதால் வறுமை தீர்ந்துவிடாது. மாற்று வழி தராமல் போடும் தடை, அதே பயணத்தை இருட்டிய பிறகு நடத்த வைக்கும். அது இன்னும் ஆபத்து.

என் கோரிக்கை எளிமையானது. புதிதாக விற்கப்படும் ஒவ்வொரு பெட்டிக்கும், தள்ளும் விசையில் இயங்கும் பிரேக்கும் பின்விளக்கும் கட்டாயமாகட்டும். பழைய பெட்டிகளுக்கு அவற்றைப் பொருத்த, விதைக்கும் உரத்துக்கும் மானியம் கொடுப்பதுபோல ஒரு சிறு மானியம் கொடுக்கட்டும். இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அந்தப் பொறியின் செலவு சொற்பமே. தோட்ட நிர்வாகங்கள், தொழிலாளரை ஏற்றிச் செல்லும் உழவு இயந்திரங்களின் பிரேக்கை, கொழுந்து நிறுக்கும் தராசைப் பரிசோதிக்கும் அதே அக்கறையோடு பரிசோதிக்கட்டும். பழைய உழவு இயந்திரம் வாங்கப்போகும் நம் விவசாயிகளும், எத்தனை குதிரைவலு என்று கேட்பதற்கு முன் பிரேக்கை மிதித்துப் பார்க்கட்டும்.

வெளிநாட்டு நண்பர்களுக்கு எனது விடை இதுதான். அங்கே இழுப்பதானால், கரவனின் எடையை முதலில் நிறுத்துப் பார்த்துவிட்டு, அதைவிடக் கனமான, கராஜுக்குப் பழக்கமான டீசல் வாகனம் ஒன்றைத் தேடுங்கள். மாத்தளைக்கு வரும்போது கரவன் வேண்டாம். சில வாரச் சுற்றுலாவுக்காக இந்த விலையில் இங்கே வாகனம் வாங்குவது வீண்செலவு. அனுபவமுள்ள சாரதியோடு ஒரு வேனை வாடகைக்கு எடுங்கள். றிவஸ்டன் வளைவுகளில் எதிரே பஸ் வந்தால், கரவனோடு பின்னோக்கிச் செல்ல அங்கே இடமில்லை. நாவுல, தம்புள்ளைப் பக்கத்துச் சமதரையில் தங்கி, காலையில் மலைக்கு ஏறி மாலையில் திரும்புங்கள்.

இறங்கும்போது சாரதி எந்தக் கியரில் இறக்குகிறார் என்று மட்டும் கவனியுங்கள். நியூட்ரலில் விட்டால், நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள். வழியில் பெண்களும் பிள்ளைகளும் நிறைந்த பெட்டி ஒன்று முன்னால் போனால், அதை நெருங்காமல், ஹோர்ன் அடித்து அவசரப்படுத்தாமல், இடைவெளி விட்டுப் பின்தொடரச் சொல்லுங்கள். அதற்குப் பிரேக் இருக்கிறதோ இல்லையோ, உங்கள் வேனுக்கு இருக்கிறது.